உன் இலையில் நான் தின்ற சங்கரா மீன்

என்னைக் கடைசிவரை பாப்பா என்றே கூப்பிட்ட என் வசந்தாக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும். எழுதினால் படிக்கப்போவது உயிரோடு இருக்கிறவர்கள்தானே என்று கேட்கிற ஆள் நான். ஆனாலும் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்தது உன் வீட்டுக்காரர் மாமாவுக்குத் தெரிந்துவிட்டது, உன் மகள் தீபாவிடம் சொல்லியாயிற்று. மிச்சம் இருப்பது நீதான். பார்க்கப்போனால் முதலில் உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். எடுத்தது உன்னுடையதை.

முதலில் ஊர்ச் சேதி. திருவொற்றியூர் வீடு நீ விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறது. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்றடித்தால் கொடியில் காயும் துணியில் இன்னும் சாம்பல் படிகிறது. கண்டெய்னர் லாரி போகும்போது உன் அலமாரிக் கண்ணாடி இன்னும் அதிர்கிறது. மாமா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். வாசலில் உட்கார்ந்து மற்றவர்களுடைய கிழிந்த வலைகளைத் தைத்துக் கொடுக்கிறார். தீபா வண்ணாரப்பேட்டையில் அதே ஜவுளிக்கடையில்தான் இருக்கிறாள். சேலை எடுத்துப்போடும் வேலையிலிருந்து பில் போடும் இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மெட்ரோவில் போய் வருகிறாள். "காலைல ஏசில குந்திகினு போறேன் சித்தி, நான் இன்னா சொம்மாவா" என்பாள். நீ இருந்திருந்தால் அந்த ரயிலில் ஒரு நாளாவது வேலையே இல்லாமல் போய்வந்திருப்பாய்.

என் சேதி ஒன்றுதான். நீ இருந்த பத்தியத்தில் இப்போது நான் இருக்கிறேன்.

அம்மாவுக்கு வந்தது உனக்கு வந்தது, உனக்கு வந்தது எனக்கும் வந்தது. சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள். நீ இருக்கும்போதே எனக்கு ஸ்கேனில் தெரிந்துவிட்ட விஷயம்தான். நான் வந்து சொன்னபோது நீ டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்தாய். "இத்தையாவது எனக்குன்னு வச்சிக்கலாம்னு பாத்தா, இதுலயும் பங்குக்கு வந்துட்டியா?" என்று சிரித்தாய். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நீ போன பிறகு எனக்கு ரத்தத்தில் கழிவு ஏறத் தொடங்கிவிட்டது. டயாலிசிஸைத் தள்ளிப்போடலாம், தவிர்க்க முடியாது என்று டாக்டர் சொன்னார். சின்ன வயசுப் பெண், பொய் சொல்லத் தெரியாதவள். தள்ளிப்போட என்ன செய்ய வேண்டும் என்றேன். மாத்திரை ஒரு பங்கு, மீதி சாப்பாடு என்றார். உப்பு கிட்டத்தட்ட இல்லை. கருவாடு, ஊறுகாய், அப்பளம் கிடையாது. இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. பருப்பு கொஞ்சம், மீன் அதைவிடக் கொஞ்சம். காயை நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைக்க வேண்டும். அதற்குள் அது எந்தக் காய் என்பதே மறந்துவிடும். உனக்கு நான் இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. இந்தச் சாப்பாட்டை எத்தனையோ வருஷம் சாப்பிட்டவள் நீ.

அதுவும் எப்படிச் சாப்பிட்டாய்! மீன் பிடிக்கிறவர் வீட்டில் இருந்துகொண்டு, பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிற வாசனை வரும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு நாள்கூட மீறாமல். தாகத்துக்கு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு குழந்தை மாதிரி உட்கார்ந்திருப்பாய். மாமாவே மனசு கேட்காமல், "ஒரு துண்டு வச்சிக்கமா, ஒண்ணும் ஆவாது" என்று கெஞ்சியது எனக்குத் தெரியும். "நான் செத்தப்பறம் படையல்ல வைய்யி, அப்ப வந்து துன்னுக்கிறேன்" என்பாய். ஊரெல்லாம் வாயாடி என்று பெயர் எடுத்தவள், சாப்பாட்டில் மட்டும் அப்படி ஒரு கட்டுப்பாடு.

அப்படி இருந்தும் நீ போய்விட்டாய்.

அங்கேதான் அக்கா, என் தகராறு. கல்லூரியில் நான் புள்ளியியல் நடத்துகிறேன். ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்று முதல் வாரமே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவேன். ஆனால் அந்த ஒரு ஆள் கூடப்பிறந்தவளாக இருந்தால்? வெந்த காயை வடிகட்டும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வி வந்து நிற்கும். இதையே செய்தவள் எங்கே? வடிகட்டுவேன், சாப்பிடுவேன். நம்பிச் சாப்பிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

உன் வருஷத் தெவசம் வந்தது. தீபா விடியுமுன்பே காசிமேட்டுக்குப் போய்ச் சங்கரா வாங்கி வந்தாள். கருவாட்டுக் குழம்பு, சங்கரா வறுவல், முட்டை, வடை, நீ ஆசைப்பட்டு உடுத்தாமலே போன மாம்பழக் கலர் சேலை என்று எல்லாவற்றையும் உன் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். நான் தேங்காய் துருவிக் கொடுத்தேன், இலையைக் கழுவி வைத்தேன். எனக்கான அவரைக்காய் பின்கட்டில் தனி அடுப்பில் இரண்டாம் தடவையாக வெந்துகொண்டிருந்தது.

கற்பூரம் காட்டி முடித்ததும் உன் நாத்தனார் கோவிந்தம்மா வழக்கம்போல் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எல்லாரும் வெளில வா. கதவ சாத்து. நீங்க வாயப் பாத்துகினு நின்னா அவ எப்டி துன்னுவா? வெக்கப்பட மாட்டா?"

"ஆமா, எங்கண்ணி ரொம்பத்தான் வெக்கப்படும்" என்று யாரோ சொல்ல, அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

எல்லோரும் வாசலுக்கு வந்தோம். கதவைச் சாத்தினார்கள். செத்தவர்கள் தனியாக வந்து சாப்பிட்டுப் போகக் கொஞ்ச நேரம் கொடுப்பது நம் வழக்கம். அப்போதுதான் என் அவரைக்காய் நினைவு வந்தது. தண்ணீர் வற்றித் தீய்ந்துவிடும். யாரிடமும் சொல்லாமல் பக்கத்துச் சந்து வழியாகப் போய்ப் பின்கதவைத் திறந்து அடுப்பை அணைத்தேன். அணைத்துவிட்டு அப்படியே திரும்பியிருக்க வேண்டும்.

கூடத்தில் நீ மட்டும் இருந்தாய். உன் படத்தைச் சொல்கிறேன். இலையில் எல்லாம் ஆவி பறந்துகொண்டிருந்தது.

முதலில் வால் பக்கம் முறுகலாக இருந்ததை மட்டும் கிள்ளினேன். ஒரு கிள்ளுதான் என்று நினைத்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். ஒரு பக்கம் தீர்ந்ததும் மீனைத் திருப்பிப் போட்டேன். கருவாட்டுக் குழம்பில் சோற்றைப் பிசைந்து நாலு வாய் சாப்பிட்டேன். பசியா என்றால் இல்லை. உப்பு அக்கா, உப்பு. நாக்கு என்று ஒன்று எனக்கு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. அழுதாயா என்று கேட்பாய். உன் சாவுக்கே அழாதவள் ஒரு மீனுக்கா அழப்போகிறேன்.

வெளியே குரல்கள் கேட்டன. எழுந்து பின்பக்கக் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவி, வாய் கொப்பளித்து, கதவைச் சாத்திவிட்டுச் சந்து வழியாக வந்து கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டேன். கோவிந்தம்மா கையைத் தட்டி, "வசந்தா, நாங்க வர்றோம்மா" என்று சொல்லிக் கதவைத் திறந்தார். முதலில் உள்ளே போனது தீபா.

"அத்தே! ஓடியா! அம்மா துன்னுக்குது! முள்ளு பாரு, முள்ளு!"

எல்லோரும் உள்ளே பாய்ந்தார்கள். "பூனை கீனை பூந்துச்சா?" என்று கோவிந்தம்மா அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "கதவு சாத்திக் கீது. பூனை முள்ள அடுக்கி வச்சிட்டா போவும்?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. சோற்றில் விரல் பதிந்த இடத்தைக் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி உன் பெயரைச் சொல்லி விழுந்து கும்பிட்டாள். மாமா மட்டும் இலையைப் பார்த்தார், பிறகு வெளியே போய்விட்டார்.

தீபா சிரித்தாள். நீ ஆஸ்பத்திரியிலிருந்து துணி சுற்றி வந்த நாளிலிருந்து அந்தப் பெண் பல் தெரியச் சிரித்து நான் பார்க்கவில்லை. ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "நீதான் எதையும் நம்ப மாட்டியே சித்தி, இப்ப இன்னா சொல்றே?" என் வாயில் மீன் வாசனை அடித்துவிடுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்து அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு யாரால் சொல்ல முடியும்?

மதியம் பந்தியில் எனக்கு மட்டும் உப்பில்லாத அவரைக்காய் போட்டார்கள். "பாவம் பாப்பா, எம்மாம் கட்டுப்பாடு" என்றார் கோவிந்தம்மா. சாப்பிட்டேன்.

ஒரு நாள் மீறினால் ஒரு நாளோடு போகும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. மறுநாள் கல்லூரியில் பக்கத்து மேசை ஆள் நீட்டிய மாங்காய் ஊறுகாயை வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. கருவாட்டுக் குழம்பே உள்ளே போய்விட்டது, ஊறுகாய்க்கு என்ன? அதற்கடுத்த நாள் மெட்ரோ வாசலில் இளநீர். வீட்டுக்கு வந்தால் அப்பளம். திங்கட்கிழமையிலிருந்து ஒழுங்காக இருக்கலாம் என்று வைத்துக்கொள்வேன். திங்கட்கிழமை இருப்பேன். செவ்வாய்க்கிழமை மதியம் வரை தாங்கும். பிறகு அடுத்த திங்கட்கிழமை. படித்தவள், பேராசிரியை, ஒரு தட்டுச் சோற்றுக்கு முன்னால் இப்படி ஆகிறதே என்று எனக்கே அருவருப்பாக இருக்கும். அந்த அருவருப்பு தாங்காமல் இன்னொரு அப்பளம் பொரிப்பேன்.

யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாது. பத்தியத்தில் இருப்பதாகவே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நீ ஒழுங்காக இருந்தே போனாய், நான் ஒழுங்காக இருந்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் கையில் இருந்தது. உன் சாவை நான் அதற்குப் பயன்படுத்தினேன் அக்கா. ஊறுகாய்க்குத் தொட்டுக்கொண்டேன் என்றே வைத்துக்கொள்.

கால் வீங்கியது. செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம் வரை மறையாமல் இருக்கும். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"டயட் விட்டுட்டீங்களா மேடம்?"

"இல்லையே."

ரிசல்ட் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "எந்தக் கையால எழுதுவீங்க?"

"வலது கை."

"அப்ப இடது கையைப் பத்திரமா வச்சுக்குங்க. இனிமே அந்தக் கையில யாரும் ஊசி குத்தக் கூடாது, பிபி பாக்கக் கூடாது. சர்ஜன் கிட்ட எழுதித் தரேன். டயாலிசிஸுக்கு நரம்பு ரெடி பண்ணணும்."

"தள்ளிப்போட முடியாதா?"

"நீங்க நிஜமாவே கட்டுப்பாடா இருந்தா கொஞ்ச நாள் போகலாம். எவ்வளவு நாள்னு என்னால சொல்ல முடியாது."

உன் இடது கையில் அந்த நரம்பு கயிறு மாதிரி புடைத்துக்கொண்டு இருந்ததே, தொட்டால் உள்ளே மிஷின் ஓடுகிற மாதிரி கிர்ரென்று அதிருமே. சின்ன வயசில் தீபாவுக்கு அதைத் தொட்டுப் பார்ப்பது விளையாட்டு. பஸ்ஸில் வரும்போது என் இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. வண்ணாரப்பேட்டையில் இறங்காமல் திருவொற்றியூர் வரை போய்விட்டேன். மாமா வாசலில் வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, காலு ஊதிக்கினு கீது?"

"நின்னுக்கிட்டே கிளாஸ் எடுத்தேன் மாமா."

"யாருகிட்ட டபாய்க்கிறே? ஒங்கக்கா காலை எத்தினி வருசம் பாத்துகினு இருந்தவன் நான். வெரல வச்சி அமுக்கு. குயி உழுதா பாரு."

அமுக்கினேன். குழி விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே வருகிற மாதிரி இல்லை.

"சங்கரா நல்லா இருந்துச்சா?" என்றார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"முள்ள சீப்பு மாதிரி அடுக்கி வைக்கிற ஆளு இந்த வூட்லயே நீ ஒருத்திதான். ஒங்கக்கா துன்னா மென்னு துப்பி இலை பூரா கலீஜ் பண்ணி வச்சிருவா. அவளாவது, அடுக்கி வைக்கிறதாவது."

"ஏன் மாமா அன்னைக்கே சொல்லல?"

"புள்ள சிரிச்சிதும்மா. நான் எதுக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்." ஊசியை வலையில் குத்தி வைத்தார். "அதுக்கப்பறம் துன்னியா?"

செருப்பு வாரைத் தளர்த்தினேன்.

"துன்னுக்கிறே." கடல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். குரலில் கோபம்கூட இல்லை. "இதோ பாரு, நான் இப்பவே சொல்லிடறேன். ஒங்கக்காவுக்காக அந்த டயாலிசிஸ் ரூம்பு வாசல்ல எத்தினி நாளு குந்தி இருந்தேன்னு எனக்கே தெரியாது. இன்னொரு தபா என்னால முடியாது. நீ கூப்டாலும் நான் வர மாட்டேன். தெம்பு இல்ல. இத்த நீ தப்பா எடுத்துக்கினாலும் சரி."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை அக்கா. சரியாகச் சொல்லப்போனால், அந்த வருஷம் முழுக்க என்னிடம் யாரும் சொன்னவற்றில் நான் முழுசாக நம்பிய முதல் வாக்கியம் அதுதான். அவர் வராவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்றும் அப்போதே தோன்றியது. வண்ணாரப்பேட்டை வீட்டில் நானும் என் புத்தகங்களும்தான். அவை ஆஸ்பத்திரிக்கு வராது.

அவர் அதோடு விடவில்லை. "அது கெடக்கட்டும். இப்ப வேற பேஜாரா பூட்ச்சி. தீபா ஒவ்வொரு அமாவாசைக்கும் சங்கரா வாங்கியாந்து வறுத்து வைக்குது. கதவ சாத்திட்டு வெளில குந்திகினு கீது. தொறந்து பாத்தா வச்சது வச்ச மாதிரியே கீது. 'அம்மாவுக்கு எம்மேல இன்னா கோவம்'னு என்னியக் கேக்குது. எனக்குச் சொல்ல வாய் வரல. நீ துன்னே, நீயே சொல்லிடு."

அடுத்த அமாவாசைக்குக் கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். தீபாவும் கடைக்கு மட்டம். மீனை வறுத்து இலையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். கையில் மிளகாய்த்தூள் சிவப்பு.

"இன்னிக்கு வரும் பாரு சித்தி. அன்னிக்கு நீ இருந்தப்பதான வந்துச்சு. நீ இல்லாததாலதான் கோச்சிக்கினு வராம கீது போல."

சொல்லிவிட்டேன். அவரைக்காய், சந்து, பின்கதவு, குழாய், எல்லாவற்றையும். வகுப்பில் கணக்கு சொல்கிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன், வேறு மாதிரி எனக்குப் பேச வராது. கண்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவை போய் முடிகிறவரை அவள் கையிலிருந்த சிவப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பசிச்சிதா?"

"இல்லை."

"அப்பறம் எதுக்கு?"

"தெரியல தீபா. கண்ணு முன்னால இருந்தது."

"நான் ஒவ்வொரு தபாவும் இன்னா தப்பு பண்ணேன்னு யோசிச்சிகினே கீறேன். மொளகாத்தூளு ஜாஸ்தியா பூட்ச்சா, எண்ண மாத்திட்டேனா, அம்மாவ ஆஸ்பத்திரில ஒரு நாளு திட்டினேனே, அதுக்காவான்னு..." நிறுத்திவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப அம்மா வரவே இல்ல. அப்டித்தான சித்தி?"

செத்தவர்கள் வருவதில்லை என்று உன் வீட்டில் உட்கார்ந்து எத்தனை தடவை வாதாடியிருப்பேன். உன்னிடமே வாதாடியிருக்கிறேன். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

அவள் எழுந்து கதவைத் திறந்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. இலையோடு தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"உனக்குத் தர மாட்டேன். ஒரு துண்டுகூட. பாத்துகினு குந்து."

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழுதுகொண்டே முழு மீனையும் தின்றாள். முள்ளை மென்று மென்று இலை பூராத் துப்பினாள். உன் நீர்க்கட்டி அவளுக்கும் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும். அதைச் சொல்லவும்தான் போயிருந்தேன். அன்றைக்கு அதற்கு மேல் எனக்குத் தைரியம் இல்லை. அவள் இப்படி ஆசை தீரத் தின்ன இன்னும் எத்தனை நாள் இருக்கிறதோ என்று நினைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். இது சரியா அக்கா? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

இலையைச் சுருட்டிப் போட்டுவிட்டுக் கை கழுவி வந்தாள். "நீ இன்னா துன்னப் போறே?" என்றாள். பிரிட்ஜில் அவரைக்காய் இருந்தது. நறுக்கினேன், ஊறவைத்தேன், வேகவைத்தேன், கொட்டினேன், மறுபடி வேகவைத்தேன். உன் அடுக்களையில் நின்றுகொண்டு தின்றேன். வாய்க்கு விளங்கவே இல்லை. அன்று திங்கட்கிழமையும் இல்லை.

அன்றிலிருந்து திரும்பப் பத்தியத்தில் இருக்கிறேன். இதை நல்ல சேதி என்று எடுத்துக்கொள்ளாதே. வழுக்காமல் இல்லை. இப்போதும் வழுக்குகிறது. வழுக்கினால் மாமாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன், வேறு வித்தியாசம் ஒன்றும் இல்லை.

"இன்னா துன்னே?"

"அப்பளம்."

"எத்தினி?"

"ஒண்ணு."

"அடுத்த வேளை ஒயுங்கா துன்னு. வச்சிடு."

அவ்வளவுதான் பேச்சு. ஆறுதலும் இல்லை, திட்டும் இல்லை. ஆனால் ஒரு அப்பளம் ஒரு அப்பளமாகவே நின்றுவிடுகிறது, ஊறுகாய்ப் பாட்டிலை இழுத்துக்கொண்டு வருவதில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வரமாட்டேன் என்றவர் போனை மட்டும் முதல் மணியிலேயே எடுக்கிறார். தீபா முன்பு மாதிரி என்னோடு பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து என் பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடிவிட்டுப் போகிறாள்.

ரத்தத்தில் ஏறியது இறங்கவில்லை. ஏறுவது கொஞ்சம் மெதுவாகியிருக்கிறது என்கிறார் டாக்டர். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சர்ஜனைப் பார்த்தாயிற்று. இடது கையில் பேனாவால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். தேதி இன்னும் குறிக்கவில்லை. குறிக்கத்தான் போகிறார்கள்.

நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்காதே. வரவில்லை. இந்த அவரைக்காய் என்னைக் காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை. உன்னைக் காப்பாற்றவில்லையே. ஆனால் உன் தெவசத்துக்குத் தேங்காய் துருவியபோதும் நீ வந்து சாப்பிடுவாய் என்று நம்பித் துருவவில்லை. துருவ வேண்டியிருந்தது, துருவினேன். இதையும் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன். நீ எப்படிச் செய்தாய், நம்பியா? உன்னிடம் இதை ஒரு நாளும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். அடுத்த தெவசத்துக்குத் தீபா உனக்குப் படைப்பாளா என்று தெரியாது, நான் கேட்கவில்லை. அவள் படைத்தாலும் சரி, இல்லாவிட்டால் நானே படைத்தாலும் சரி, கதவைச் சாத்தும்போது நான் வெளியே நிற்பேன். கையில் தையல் போட்ட தழும்போடு நிற்கலாம். டயாலிசிஸ் முடிந்து வந்த தள்ளாட்டத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். உன் நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். எப்படியானாலும் உயிரோடு இருக்கிறவர்கள் பக்கத்தில் நிற்பேன். உள்ளே ஒரு இலைதான் இருக்கும். பக்கத்தில் எனக்கென்று இன்னொன்று போட விடமாட்டேன்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
உன் பாப்பா